ஏஎஸ்எல் படத்தில் இரத்தக்குழாய் வெளிச்சம்: அடக்குவதா, விடுவதா?

கிளிநொச்சிப்_பெட்டை:
வணக்கம். ரேடியோகிராபி கடைசி வருடம் படிக்கிறேன், வீடு கிளிநொச்சி. ஆய்வுக்காகப் பாரிசவாதம் வந்த முதியவர்களின் மூளை ஏஎஸ்எல் படங்களைப் பார்க்கிறேன் (கழுத்தில் ஓடும் இரத்தத்துக்குக் காந்தத்தால் அடையாளம், அதாவது லேபல், போட்டு, அது மூளையில் எங்கே போகிறது என்று காட்டும் எம்ஆர்ஐ). சிறுநீரகம் பழுதான ஆட்களும் இருப்பதால் கடோலினியம் என்ற நிறமூட்டு மருந்து ஏற்றாமல் எடுத்தவை. 3 டெஸ்லா, லேபல் செய்தபின் காத்திருப்பு 1500 மில்லிசெக்கன். மூளையின் பக்கவாட்டில் உள்ள சில்வியன் பள்ளத்தை ஒட்டி நெளிந்த வெள்ளைக் கோடுகள், அதற்கு அப்பால் மூளை கறுத்துக் கிடக்கிறது. ஒரு அளவுக்கு மேல் போகும் புள்ளிகளை வெட்டிவிடு என்கிறார் ஒருவர், கிரஷர் (ஓடும் இரத்தத்தின் சிக்னலை அடக்கும் முறை) போட்டு எடுத்திருக்க வேணும் என்கிறார் இன்னொருவர். எதைக் கேட்பது?

மாங்குளம்_சந்தி:
தங்கச்சி, தயவுசெய்து வெட்ட வேண்டாம். அந்த வெள்ளைக் கோடு அழுக்கு இல்லை, கழுத்தில் லேபல் செய்த இரத்தம் இன்னும் நாடிக்குள்ளேயே (இதயத்திலிருந்து இரத்தம் கொண்டுபோகும் குழாய்) நிற்கிறது, அவ்வளவுதான். இரணைமடுக் குளத்தில் கதவு திறந்த உடனே கடைசி வயலைப் போய்ப் பார்த்தால் காய்ந்துதான் கிடக்கும், தண்ணீர் வாய்க்காலில் வந்துகொண்டிருக்கும். வெள்ளையை வெட்டினாலும் அப்பால் உள்ள கறுப்பு அப்படியே இருக்கும், பிறகு பார்க்கிறவர் அங்கே இரத்தம் போகவே இல்லை என்று எழுதிவிடுவார். உங்கள் ஆட்களுக்கு 1500 போதாது. 2015இல் வெளியான சர்வதேசப் பரிந்துரை நோயாளிகளுக்கும் 70 வயது தாண்டியவர்களுக்கும் 2000 என்கிறது, சாதாரண மருத்துவப் பாவனைக்கு கிரஷர் வேண்டாம் என்பதும் அதிலேயே இருக்கிறது.

நெடுங்கேணி_பிசிக்ஸ்:
மேலே அண்ணை சொன்னது சரி, ஆனால் கிரஷரை ஒரேயடியாகத் தள்ளவும் கூடாது. அது எதிரெதிர்த் திசையில் போடும் இரண்டு கிரேடியன்ட் (இடத்துக்கு இடம் மாறும் காந்தப்புலம்). அசையாத நீருக்கு முதலாவது கொடுத்த கட்டத்தை (பேஸ்) இரண்டாவது அழித்துவிடும். ஓடும் இரத்தத்துக்கு அழியாது, ஒரே வொக்சலுக்குள் (படத்தின் மிகச் சிறிய கனத்துண்டு) பல வேகங்கள் இருப்பதால் கட்டங்கள் சிதறி சிக்னல் விழும். வெட்டு வேகத்தை (அதற்கு மேல் ஓடும் இரத்தத்தின் சிக்னல் அடங்கும் எல்லை) செக்கனுக்கு 4 சென்ரிமீற்றர் அளவில் வைத்தால் பெரிய நாடிகள் போய் மயிர்க்குழாய் இரத்தம் மிஞ்சும். பல காத்திருப்பு நேரங்களில் எடுத்து, கிரஷரோடும் இல்லாமலும் கழித்துப் பார்த்தால் நாடிக்குள் உள்ள இரத்தக் கனவளவே தனியாகக் கிடைக்கும், எனக்கு அதுதான் இதன் உண்மையான பயன். விலையும் உண்டு: எக்கோ நேரம் (சிக்னலைப் பிடிக்கும் வரை போகும் நேரம்) நீளும், திசுவுக்குப் போய்க்கொண்டிருந்த இரத்தமும் கணக்கில் விழுந்துபோவதால் இரத்த ஓட்டம் குறைவாக வரும்.

கிளிநொச்சிப்_பெட்டை:
நன்றி அண்ணா. அப்போ இனி எடுப்பவர்களுக்கு 2500 வைத்துவிடலாமா?

நெடுங்கேணி_பிசிக்ஸ்:
3 டெஸ்லாவில் இரத்தத்தின் டி1 (லேபல் எவ்வளவு வேகமாக மங்கும் என்று காட்டும் நேரம்) ஏறக்குறைய 1650 மில்லிசெக்கன். 2000இலிருந்து 2500க்குப் போனால் லேபல் சிக்னலில் கால்வாசி போய்விடும், ஏஎஸ்எல்லில் ஏற்கெனவே இருப்பதே கொஞ்சம். கழுத்து நாடி நன்றாக அடைத்தவர்களுக்கு மட்டும் 2500 கேளுங்கள், மற்றவர்களுக்கு 2000. கையில் உள்ள பழைய படங்களை எறிய வேண்டாம். ஒவ்வொரு நாடிப் பகுதியிலும் சிக்னலின் நியம விலகலைச் (ஏற்ற இறக்க அளவு) சராசரியால் வகுத்துப் பாருங்கள், அது கூடுதலாக இருக்கும் பக்கம் இரத்தம் பிந்தி வருகிறது.

மாங்குளம்_சந்தி:
இன்னொன்று. நாளத்தில் (இரத்தம் இதயத்துக்குத் திரும்பும் குழாய்) வெள்ளை தெரிந்தால் உடனே ரேடியோலஜிஸ்டிடம் காட்டுங்கள், பிந்திய இரத்தம் என்று விட்டுவிட வேண்டாம். மயிர்க்குழாயைத் தாண்டாமல் நாடியிலிருந்து நேரே நாளத்துக்குப் பாய்கிற கோளாறாக இருக்கலாம்.