ஓஷுன் நதிக்கரையில் நேர்ந்தவை: ஓஷோக்போ சென்றவர்களின் அனுபவப் பகிர்வு

லேத்துப்பட்டறை:

நைஜீரியாவின் ஓஷோக்போவில், ஓஷுன் என்ற நதித் தெய்வத்தின் பெயரால் ஓடும் ஆற்றின் நீர் குழந்தைப்பேறு தரும் என்று அங்குள்ள யோருபா மக்கள் நம்புவதை இங்கே எழுதுகிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆகஸ்ட் மாதத் திருவிழாவின் கடைசி நாளில் ஊரே கேனும் போத்தலுமாக நதிக்கரையில் நிற்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நான் பார்த்தது 1980களில். எச்.எம்.டி. நிறுவனத்தின் தொழில்நுட்ப ஒத்துழைப்போடு ஓஷோக்போவில் தொடங்கப்பட்ட இயந்திரக் கருவித் தொழிற்சாலைக்கு இந்தியாவிலிருந்து சென்றவர்களில் நானும் ஒருவன். என் மனைவியும் உடன் வந்திருந்தார். திருமணமாகி ஐந்து ஆண்டுகள் கழிந்தும் எங்களுக்குக் குழந்தை இல்லை என்பதை அங்கே எவரிடமும் நான் சொன்னதில்லை. ஆனால் குழந்தை இல்லாத வீட்டை யோருபா மூதாட்டிகளிடம் மறைக்க இயலாது.

என்னிடம் கடைசல் வேலை பழகிய இளைஞனின் தாய், திருவிழா முடிந்த மறுநாள், துணியில் சுற்றிய ஒரு கண்ணாடிப் போத்தலை என் வீட்டு வாசலில் கொண்டுவந்து தந்தார். அதிகாலையில் என் மனைவி குடிக்க வேண்டும், குடிக்கும்போது குழந்தையை மனத்தில் நினைத்துக்கொள்ள வேண்டும் என்று மகன் ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னான். நான் இரு கைகளாலும் வாங்கிக்கொண்டேன். அவர்கள் தெருமுனையைக் கடந்ததும், நதி நீரில் என்ன நோய்க்கிருமி இருக்குமோ என்று அஞ்சி, மனைவியிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல் அதைக் கொல்லைப்புறத்தில் கொட்டிவிட்டேன்.

ஒரு வாரம் கழித்துத் தொழிற்சாலை வாயிலில் அவர் என்னைப் பார்த்து, குடித்தாளா என்று கேட்டார். குடித்தாள் என்றேன். அவர் எனக்கு நன்றி சொல்லவில்லை, என்னை வாழ்த்தவும் இல்லை. சுசான் வெங்கர் என்ற ஆஸ்திரியச் சிற்பி காப்பாற்றித் தந்த காடு, ஓஷுனின் அந்தப் புனிதக் காடு, எந்தத் திசையில் இருக்கிறதோ அந்தத் திசைக்குத் திரும்பி, லாரிகள் வந்துபோகும் செம்மண் தரையில் முழந்தாளிட்டார். நாடு திரும்பிய இரண்டாம் ஆண்டில் எங்களுக்கு மகள் பிறந்தாள். அந்த முழங்கால்களில் ஒட்டியிருந்த செம்மண் இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

செம்மண்சாலை:

என் தந்தை அரசுப் பள்ளியில் கணித ஆசிரியராக இருந்ததால் என் பிள்ளைப் பருவத்தில் நான்கு ஆண்டுகள் ஓஷோக்போவில் கழிந்தன. நீங்கள் குறிப்பிடும் அதே கடைசி நாளில், அரண்மனையிலிருந்து காட்டுக்குச் செல்லும் வழியில், என் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு அருக்பாவைப் பார்த்தேன். ஊருக்காக ஓஷுனின் படையலைச் சுரைக்குடுவையில் ஏந்திச் செல்லும் அரச குலத்துக் கன்னிப்பெண் அவள் என்பது உங்களுக்குத் தெரியும். துணியால் மூடிய அந்தச் சுமையோடு அவள் கால் இடறினால் ஊருக்கே கேடு என்று எங்கள் வீட்டில் உதவிக்கு இருந்த அக்கா சொல்லியிருந்ததால், நான் அவளுடைய முகத்தைப் பார்க்காமல் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். முரசுகள் காதைப் பிளந்தன. இளைஞர்கள் ஒருவரையொருவர் பிரம்பால் அடித்துக்கொண்டு முன்னால் ஓடினார்கள். அந்தப் பாதங்கள் மட்டும் அவசரமே இல்லாமல் ஒவ்வொன்றாக எடுத்து வைக்கப்பட்டன.

அவள் எங்களைக் கடந்தபோது, சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் தங்கள் தலையைக் கையால் சுற்றி, தங்களைப் பிடித்திருந்த துன்பத்தை அந்தக் குடுவையை நோக்கி எறிந்தார்கள். நிமிர்ந்து பார்த்தேன். என் தாயும் தன் தலையை மூன்று முறை சுற்றி எறிந்தார். வீட்டுக்கு வந்ததும், கூட்டத்தில் புடவைத் தலைப்பைச் சரிசெய்தேன் என்று தந்தையிடம் சொன்னார். எதை எறிந்தார் என்று அவர் உயிரோடு இருந்தவரை நான் கேட்கவே இல்லை.

அவுரி:

துணி வாங்கும் வேலையாக 1990களில் அங்கே சென்றவன் நான். அவுரிச் சாயத்துக்குப் பெயர்பெற்ற அந்த ஊரை சாயத்தின் ஊர் என்றே அங்குள்ளவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். அடிரே எனும் அவுரிச் சாயத் துணியில் மரவள்ளி மாவுக் கூழைக் கோழி இறகால் தொட்டுத் தொட்டு வரைவதையும், கூழ் பட்ட இடத்தில் சாயம் ஏறாமல் வெளிர்நீலமாக நின்றுவிடுவதையும் ஒரு முற்றத்தில் நாள் முழுதும் பார்த்துக்கொண்டிருந்தேன். சாம்பலை நிரப்பிய துளைப்பானைகளை மேலே வைத்து, அதன் வழியே நீரை வடியவிட்டு, அந்தக் கார நீரில்தான் அவுரி இலை உருண்டைகளை நாள் கணக்கில் ஊறவைக்கிறார்கள். வாசனை கடுமையானது, மூன்றாம் நாள் அது பழகிவிடும்.

அந்த முற்றத்தில் பின்பக்கமாக நடந்தபோது என் குதிகால் பட்டு ஒரு பானை உருண்டு உடைந்தது. நீலம் என் கால்களைச் சுற்றி ஓடிற்று. வயதான சாயக்காரி எழுந்து நின்று, இடுப்பில் கைவைத்து, பாட்டுப் போல ஒரு வரியைச் சொன்னார். முற்றம் முழுவதும் வெடித்துச் சிரித்தது. நான் பணத்தை எடுத்து நீட்டியதும் சிரிப்பு நின்றுவிட்டது. அந்த அமைதியைத்தான் இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

ஓட்டுநர் பிற்பாடு விளக்கினார். ஊரை நிறுவிய லாரோயேயும் வேட்டைக்காரர் டிமேஹினும் வறட்சிக்குத் தப்பித் தம் மக்களுக்கு நீர் தேடி வந்து நதிக்கரையில் மரத்தை வெட்டியபோது, அது ஆற்றில் விழ, நீருக்குள்ளிருந்து ஒரு பெண்குரல், ‘காட்டின் மாயக்காரர்களே, என் சாயப்பானைகளையெல்லாம் உடைத்துவிட்டீர்களே’ என்று கதறியதாம். அந்த ‘ஓஷோ இக்போ’ என்ற விளிதான் ஊரின் பெயராயிற்று என்கிறார்கள். ஓஷுன் அவர்களைத் தண்டிக்கவில்லை. மேட்டு நிலத்துக்குச் சென்று குடியேறுங்கள், ஆண்டுதோறும் என்னை நினையுங்கள், நான் உங்களைக் காப்பேன் என்று உடன்படிக்கை செய்துகொண்டாள். ஆக, அந்த மூதாட்டி அன்று தெய்வம் சொன்ன வார்த்தையால் என்னை ஊருக்குள் வரவேற்றிருக்கிறார். நானோ அதற்கு விலை பேசினேன்.

கல்தச்சன்:

முதல் பதிவில் உள்ள ஒரு சொல்லை நான் மறுத்தே ஆக வேண்டும். ‘வெங்கர் காப்பாற்றித் தந்த காடு’ என்று எழுதியிருக்கிறீர்கள். 1915இல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் பிறந்து, 1950இல் கணவர் உல்லி பையருடன் நைஜீரியாவுக்கு வந்து, கடும் நோயிலிருந்து மீண்டபின் ஏடே நகரில் ஒபத்தாலா என்ற யோருபா தெய்வத்தின் பூசாரி ஒருவரிடம் தீட்சை பெற்று, 2009இல் மறையும்வரை ஓஷோக்போவிலேயே வாழ்ந்தவர் அவர். மரம் வெட்டவும் நிலத்தைப் பங்கு போடவும் முனைந்தவர்களை அவர் எதிர்த்து நின்றதை நானும் வணங்குகிறேன். ஆனால் அவர் வருவதற்கு நெடுங்காலம் முன்பே அங்கே வேட்டையாடாமலும் மீன் பிடிக்காமலும் இருந்து அந்தக் காட்டைக் காடாக வைத்திருந்தவர்கள் யார்? பூசாரிகளும் பூசாரினிகளும் அரண்மனையும் அல்லவா? அத்தாவோஜா என்ற மன்னர் பட்டமே, நதி அனுப்பிய மீனைக் கை நீட்டி ஏற்றவர் என்ற பொருளில் வந்தது என்பார்கள். அந்தக் கை நீட்டலுக்குப் பிறகு அந்த நீரில் எப்படி வலை வீச முடியும்?

என் அனுபவம் சிறியது. மழைக்காலத்தில் காட்டுக்குள் ஒரு சுற்றுச்சுவரைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்த முதிய கொத்தனாரிடம், இதுவும் வெங்கர் அம்மையார் செய்ததா என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. என் வலக்கையைப் பிடித்து, பாசி படர்ந்த சிமெண்டில் ஓரிடத்தில் என் நான்கு விரல்களையும் அழுத்தினார். அங்கே நான்கு பள்ளங்கள் இருந்தன. என் விரல்கள் அவற்றில் சரியாகப் பொருந்தவில்லை. பிறகு தன் விரல்களை வைத்துக் காட்டினார், அவை பொருந்தின.

அடெபிசி அகாஞ்சி போன்ற உள்ளூர் சிற்பிகளும் கொத்தனார்களும் தச்சர்களும் இல்லாமல், காட்டில் வெங்கர் பெயரால் அறியப்படும் சிற்பங்களில் பெரும்பாலானவை எழுந்திருக்காது. ‘புதிய புனிதக் கலை’ என்று அந்த இயக்கத்துக்குப் பெயர் வந்ததும், 1965இல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிப்பு வந்ததும், 2005இல் சுமார் 75 ஹெக்டேர் காடும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்ததும் அந்தப் பல கைகளின் பயன். ஒரு பெயரை மட்டும் எழுதுவது எளிது என்பதற்காக நாம் அப்படி எழுதக் கூடாது.

அவுரி அவர்களுக்கும் ஒரு சொல். பானை உடைந்த கதை ஊரின் பிறப்பைச் சொல்கிறது. ஊர் பிழைத்த கதையையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். 1840ஆம் ஆண்டையொட்டி வடக்கே இலோரின் நகரிலிருந்து இறங்கி வந்த படையை இபடான் நகர வீரர்கள் ஓஷோக்போவில்தான் தடுத்து முறியடித்தார்கள். தெற்கே யோருபா நாட்டுக்குள் அந்தப் படை முன்னேறுவது அங்கேயே நின்றது. ஓஷுன் உணவு விற்கும் பெண்ணாக வந்து எதிரிப் படைக்கு வயிற்றுப்போக்கு உண்டாக்கினாள் என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். இன்று ஊரில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். அரியணையில் இருக்கும் அத்தாவோஜாவும் முஸ்லிம்தான். அவரே திருவிழாவை முன்னின்று நடத்துகிறார். அதில் எந்த முரணும் இருப்பதாக எனக்கு விருந்தளித்த வீட்டாருக்குத் தோன்றவில்லை.

நதிவழி:

நான் சென்றது அண்மையில், திருவிழாவின் கடைசி நாளில். என் பக்கத்தில் நின்ற இளம்பெண் கேனை அமிழ்த்தி எடுத்தபோது அதனுள் இருந்தது பாலூற்றிய தேநீரின் நிறத்தில் இருந்த நீர். அதைத் தன் உள்ளங்கையில் ஏந்தி இடுப்பிலிருந்த குழந்தையின் வாயில் விட்டாள். நான் கையை நீட்டினேன், பிறகு மடக்கிக்கொண்டேன். அவ்வளவுதான் என் கதை.

ஆனால் இனிச் செல்கிறவர்களுக்குச் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். நதியின் மேற்பகுதியில், இலேஷாவைச் சுற்றிய இடங்களில், தங்கத்துக்காக மண்ணைத் தோண்டிக் கழுவுவதால்தான் நீர் இப்படிக் கலங்கிப் பழுப்பாக ஓடுகிறது. தங்கத்தைப் பிரிக்கப் பாதரசம் பயன்படும் இடங்களில் நஞ்சு கலக்கும் அச்சமும் உண்டு. 2022இல் மாநில அரசே திருவிழாவுக்கு வருகிறவர்களை அந்த நீரைக் குடிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது. ஆகையால் யாராவது அன்போடு தந்தால் இரு கைகளாலும் வாங்கி நெற்றியில் தொட்டுக்கொள்ளுங்கள். குடிக்காதீர்கள், தந்தவர் கண்முன் கொட்டவும் செய்யாதீர்கள்.

திருவிழா ஏறத்தாழ இரண்டு வாரம் நடக்கும். எல்லோரும் கடைசி நாளுக்கு மட்டும் வருகிறார்கள், அது பிழை. பதினாறு சுடர் விளக்கு ஏற்றும் இரவில் மன்னரும் அரண்மனைப் பெண்களும் ஈஃபா என்ற குறி சொல்லும் மரபின் பூசாரிகளும் விடியும்வரை அதைச் சுற்றி ஆடுவதைத் தவறவிடாதீர்கள். லாகோசிலிருந்து விழா நாள் காலையில் புறப்பட்டு ஊர்வலத்துக்குள் சேர்ந்துவிடலாம் என்று எண்ணாதீர்கள். இபடானில் ஓரிரவு தங்கி அதிகாலையில் கிளம்புவதே நல்லது. வெள்ளையோ மஞ்சளோ உடுத்துங்கள், காலணி சேற்றைத் தாங்குவதாக இருக்கட்டும். காட்டுக்குள் குரங்குகள் உண்டு. வாழைப்பழத்தைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு நடக்காதீர்கள். பெரியவர்களைச் சந்திக்கும்போது பெண்கள் மண்டியிட்டும் ஆண்கள் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தும் வணங்குவது அவ்வூர் முறை; அயலாரிடம் அதை எதிர்பார்ப்பதில்லை என்றாலும், குனிந்து ‘ஏ காரோ’ என்று காலை வணக்கம் சொன்னால் கதவுகள் திறக்கும். அருக்பாவைப் படமெடுக்க முண்டியடிக்காதீர்கள். அவளுக்கு வழி விடுவதைத் தவிர அன்று வேறு எந்த வேலையும் உங்களுக்கு இல்லை.

செம்மண்சாலை அவர்களே, உங்கள் தாயார் எறிந்தது என்னவாக இருந்தாலும், அதைச் சுமந்து சென்ற நீர் இப்போது இருப்பதைவிடத் தெளிவாக இருந்திருக்கும். அதை உங்களிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

செம்மண்சாலை:

தெளிவாகத்தான் இருந்தது. என் கால்விரல்கள் அடியில் தெரிந்தன.

லேத்துப்பட்டறை:

கல்தச்சன் சொன்னது சரி. ‘காப்பாற்றித் தந்த’ என்பதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அன்று என் வாயில் வந்ததும் அந்த அம்மையாரின் பெயர்தான், ஏனெனில் எங்கள் குடியிருப்பில் எல்லோருக்கும் தெரிந்த பெயர் அது ஒன்றே.

நதிவழி தந்த அறிவுரைகளுக்கு நன்றி. நான் மீண்டும் செல்லும் வயதில் இல்லை. மகள் செல்ல விரும்புகிறாள். போத்தலைப் பற்றி அவளிடமும் அவள் தாயிடமும் சென்ற மாதம்தான் சொன்னேன். மனைவி நெடுநேரம் பேசவில்லை. பிறகு, என்னிடம் கொடுத்திருந்தால் நான் குடித்திருப்பேன் என்றார். மகள் கேட்டது வேறு: அந்தப் பாட்டியின் பெயர் என்ன, போய் யாரென்று விசாரிப்பது? யோருபாக்கள் ஒரு தாயை அவருடைய பிள்ளையின் பெயரைச் சொல்லி, இன்னாரின் ‘இயா’ என்றே அழைப்பார்கள். நானும் அப்படியே அழைத்தேன். அவருடைய சொந்தப் பெயரை நான் கேட்டதில்லை.