கன்சோலில் 'ஸ்ட்ரிக்ட் நேட்' தொல்லை: உங்க வீட்டில் எப்படிச் சரியாச்சு?

செந்தூல் ராஜாளி:
எக்ஸ்பாக்ஸ் பார்ட்டிக்குள் போனால் ஒருத்தன் குரல் கேட்கும், மற்றவன் ஊமை. லாபியில் பேர் தெரியும், ஆட்டம் மட்டும் தொடங்காது. ஸ்பீட் டெஸ்டில் குறையே இல்லை. நெட்வொர்க் செட்டிங்ஸில் பார்த்தால் நேட் டைப் 'ஸ்ட்ரிக்ட்'. நேட்னா, வீட்டில் உள்ள எல்லாப் பெட்டிகளையும் ரவுட்டர் ஒரே வெளி முகவரிக்குப் பின்னால் வைக்கிற வேலை. ஸ்ட்ரிக்ட்னா, வெளியிலிருந்து வர்ற இணைப்பை அது அடைச்சு வைக்குதுன்னு அர்த்தம். ஸ்ட்ரிக்ட் உள்ளவன் ஓப்பன் உள்ளவனோடுதான் சேர முடியும், அதான் அந்தக் கூத்து.

வீடியோக்களில் எல்லாரும் ரவுட்டரில் 3074 போர்ட்டை, அதாவது எக்ஸ்பாக்ஸ் ஆட்டம் வர்ற அந்த எண் போட்ட கதவைத் திற, திற என்கிறார்கள். திறந்தும் எங்க வீட்டில் ஒன்றும் நகரலை. நெட் கம்பெனி ஆள் பசாங் செய்துவிட்டுப் போன ரவுட்டர் கீழே. வைஃபை எட்டலைன்னு லோ யாட்டில் வாங்கின ரவுட்டர் மாடியில். ரெண்டுமே நேட் பண்ணுது. மாடியில் கதவைத் திறந்தாலும் கீழ்க் கதவு சாத்தியே கிடக்கும். இதுக்குப் பேர்தான் டபுள் நேட்.

போர்ட்டைத் தொடுறதுக்கு முன்னாடி ஒரே ஒரு இடத்தைப் பாருங்க: கன்சோல் மாட்டியிருக்கிற ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் 'வான் ஐபி', அதாவது அந்த ரவுட்டருக்கு வெளிப்பக்கம் கிடைச்சிருக்கிற முகவரி. அது 192.168-ன்னு தொடங்கினால் அதுக்கு மேலே இன்னொரு ரவுட்டர் உட்கார்ந்திருக்கு. மாடிப் பெட்டியை நேட் பண்ணாமல் வைஃபை மட்டும் தர்ற 'ஆக்சஸ் பாயிண்ட்' மோடுக்கு மாத்தி, கீழ்ப் பெட்டியில் யூபிஎன்பி (கன்சோல் கேட்கிற போர்ட்டை ரவுட்டர் தானா திறக்கிற வசதி) ஆன் பண்ணினேன். எக்ஸ்பாக்ஸைத் தூங்கவிடாமல் முழுசா ஆஃப் செய்து திறந்ததும் 'ஓப்பன்'.

பாயான் லெப்பாஸ்வாசி:
அண்ணே, நான் எதிர்ப்பக்கம் போனேன். கீழ்ப் பெட்டியை நேட் பண்ணாமல் லைனை அப்படியே கடத்திவிடுற பிரிட்ஜ் மோடில் போட்டு, சொந்த ரவுட்டரையே டயல் பண்ண வச்சேன். யூனிஃபை கம்பெனி லைன் என்பதால் பிபிபிஓஇ (லைனுக்குள்ளே லாகின் பண்ற முறை) யூசர்நேம், பாஸ்வேர்டோடு விலான் 500-உம் (ஒரே லைனில் நெட்டையும் டிவியையும் பிரிக்கிற எண்) கொடுக்கணும், இல்லாட்டி லைன் ஏறாது. டிவி பெட்டி வச்சிருக்கிறவங்க கொஞ்சம் யோசிச்சுச் செய்யுங்க, அதுக்கு விலான் 600 தனி.

கெப்போங் கொண்டோ:
உங்களுக்காவது வீட்டுக்குள்ளே கோளாறு. எனக்கு வெளியே லா. சிம் போடுற 5ஜி ரவுட்டர், ஒரே பெட்டிதான். ஆனா வான் ஐபி 100.80-ன்னு தொடங்குச்சு. 100.64-லிருந்து 100.127 வரைக்கும் உள்ள முகவரிகள், கம்பெனிக்காரங்க பல வீடுகளை ஒரே பொது ஐபிக்குப் பின்னால் வைக்கிறதுக்காக 2012-ல் ஒதுக்கினது. சிஜி நேட்டுன்னு சொல்வாங்க. நம்ம ரவுட்டரில் எதைத் திறந்தாலும் பிரயோஜனம் இல்லை, பூட்டு அவங்ககிட்ட. கஸ்டமர் சர்வீஸில் யார் எடுத்தாலும் "ரீஸ்டார்ட் பண்ணுங்க"ன்னே பாடினாங்க. 'பப்ளிக் ஐபி' வேணும்னு அந்தப் பேரையே சொல்லிக் கேட்டதும்தான் விஷயம் தெரிஞ்ச ஆள்கிட்ட லைன் போச்சு. மாசம் கொஞ்சம் கூடக் காசு. வயிறு எரியுது, ஆனா ஆட்டம் ஓடுது.

செந்தூல் ராஜாளி:
நல்ல பாயிண்ட். 'வாட் இஸ் மை ஐபி'ன்னு தேடினா வர்ற எண்ணும் ரவுட்டர் காட்டுற வான் ஐபியும் ஒண்ணா இருக்கணும். வேற வேறன்னா நடுவில் யாரோ நேட் பண்றாங்க.

பட்டர்வொர்த் அக்கா:
தம்பிகளா, எங்க வீட்டில் ரெண்டு பசங்க, ரெண்டு எக்ஸ்பாக்ஸ். பெரியவன் 3074-ஐத் தன் பக்கம் ஃபார்வர்ட் பண்ணிக்கிட்டான். சின்னவனுக்கு உடனே 'மாடரேட்', ஓப்பனுக்கும் ஸ்ட்ரிக்ட்டுக்கும் நடுவில் உள்ளது. வீட்டில் போர்க்களம்! ஒரு போர்ட் ஒரு கன்சோலுக்குத்தான் போகும். பெரியவன் போட்ட ரூலை அழிச்சு, யூபிஎன்பியை நம்பி விட்டோம். சின்னவன் பெட்டியில் அட்வான்ஸ்ட் செட்டிங்ஸுக்குள்ளே வேற போர்ட் தேர்ந்தெடுக்க இடம் இருக்கு, அதையும் மாத்தினோம். ஒரே ராத்திரியில் சமாதானம்.

ஜெலுத்தோங் பையன்:
டிஎன்எஸ் 8.8.8.8 போட்டா ஓப்பன் ஆயிடும்னு மாமாக் கடையில் ஒருத்தர் சத்தியம் பண்றாரே?

பாயான் லெப்பாஸ்வாசி:
ஆகாது தம்பி. டிஎன்எஸ் பேரைக் கொடுத்தா முகவரி தேடித் தரும், அதோட அதன் வேலை முடிஞ்சது. நேட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை. நீ எக்ஸ்பாக்ஸா, பிளேஸ்டேஷனா?

ஜெலுத்தோங் பையன்:
பிளேஸ்டேஷன், அண்ணே. 'டைப் 2' காட்டுது. டைப் 1 ஆக்கணும்னுதான் பார்க்கிறேன்.

பாயான் லெப்பாஸ்வாசி:
டைப் 1 என்பது ரவுட்டரே நடுவில் இல்லாமல் நேரா இணைச்சா வர்றது. ரவுட்டர் வழியா ஒழுங்கா இணைஞ்சா டைப் 2 தான் வரும். எக்ஸ்பாக்ஸின் ஸ்ட்ரிக்ட் மாதிரி டைப் 3 வந்தால் மட்டும் கவலைப்படு. இப்போ உன் செட்டிங்கில் எதையும் தொடாதே.