மூன்று லேயர்களை அடுக்கிப் படத்திலிருந்து மேகத்தை விலக்க வேண்டும். மாஸ்க் ஒத்துழைக்க மறுக்கிறது

பூம்பாறைப் பூண்டு

வணக்கம். சித்தப்பா விளைவிக்கும் மலைப்பூண்டை அரைக் கிலோ பைகளில் அடைத்து விற்கப்போகிறோம். பைக்கு லேபிள் வேண்டும். ஊருக்கு மேலே சாலை வளைவில் நின்றால் தெரியும் எங்கள் கொடைக்கானல் மலைக் கிராமம் பூம்பாறைதான் அதில் இருக்க வேண்டும் என்பது சித்தப்பாவின் பிடிவாதம். படிப்படியாக இறங்கும் வயல், நெருக்கியடித்த வீடுகள், குழந்தை வேலப்பர் கோவில், எல்லாம் ஒரே சட்டகத்தில். சொல்வது எளிது. ஐப்பசியில் முழு ஊரும் ஒரே நேரத்தில் கண்ணில் படுவதற்குக் கொடுப்பினை வேண்டும்.

கேமராவை டிரைபாடில் நிறுத்தி, மேகம் நகர நகர வரிசையாக எடுத்து, அவற்றில் மூன்றைத் தேர்ந்தெடுத்தேன். ஒன்றில் கோவில் தெளிவாக இருக்கிறது, வயலைக் காணோம். மற்ற இரண்டில் ஆளுக்கொரு பக்க வயல். மூன்றையும் கிம்ப் 2.10 என்ற படத்திருத்த மென்பொருளில் ஒரே கோப்பில் லேயர்களாக, அதாவது ஒன்றன்மேல் ஒன்றாகத் திறந்து, மூன்றுக்கும் மாஸ்க் (கருப்பு பூசிய இடத்தை மறைத்து, வெள்ளை பூசிய இடத்தைக் காட்டும் திரை) சேர்த்து, மேகம் இருக்கும் இடமெல்லாம் கருப்பு பூசினேன். சில சமயம் மேகம் மறைகிறது. சில சமயம் படத்தின் மீதே கருப்பு மை அப்பிக்கொள்கிறது. வேறு சில இடங்களில் சாம்பல் கட்டம் கட்டமாக ஒன்று எட்டிப் பார்க்கிறது. போதாததற்கு 4 ஜிபி மடிக்கணினி ஒவ்வொரு தீற்றலுக்கும் மூச்சு வாங்குகிறது. யாராவது வழி சொல்லுங்கள்.

கோத்தகிரி அக்கா

தம்பி, லேயர் பட்டியலைப் பாருங்கள். மாஸ்க் சேர்த்த லேயரின் எதிரே இரண்டு சிறுபடங்கள் இருக்கும். இடது பக்கம் படம், வலது பக்கம் மாஸ்க். இரண்டில் எதைச் சுற்றி வெள்ளைக் கோடு ஓடுகிறதோ அங்கேதான் பிரஷ் வேலை செய்யும். படத்தைச் சுற்றிக் கோடு இருக்கும்போது கருப்பு பூசினால் படத்தில்தான் கருப்பு விழும். பூசுவதற்கு முன் மாஸ்க் மீது ஒரு கிளிக், அவ்வளவுதான். ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு மாஸ்கைக் கிளிக் செய்தால் மாஸ்க் மட்டும் பெரிதாகத் திரையில் வரும். எங்கெங்கே பூசியிருக்கிறீர்கள், எங்கே ஓட்டை விட்டிருக்கிறீர்கள் என்று பளிச்சென்று தெரியும். மீண்டும் அதேபோல் கிளிக் செய்தால் பழைய நிலைக்குத் திரும்பும்.

அந்தச் சாம்பல் கட்டம் 'இங்கே ஒன்றுமே இல்லை' என்பதற்கான அடையாளம். மூன்று லேயருக்கும் மாஸ்க் போட்டு மூன்றிலும் மேகத்தை மறைத்தால், மூன்று படத்திலும் மேகம் இருந்த இடத்தில் என்ன மிஞ்சும்? கூரையில் அடுத்தடுத்த ஓடுகள் ஒரே இடத்தில் விரிசல் விட்டால் வானம்தானே தெரியும்! அடி லேயருக்கு மாஸ்க் வேண்டவே வேண்டாம்.

நான் செய்கிற முறை உங்களுடையதற்கு நேர் எதிர். ஆகத் தெளிவான படத்தை அடியில் வைப்பேன். மேலே உள்ள ஒவ்வொன்றுக்கும் முழுக் கருப்பு மாஸ்க் சேர்ப்பேன். அந்த லேயர்கள் மொத்தமாக மறைந்துவிடும். பிறகு வெள்ளை எடுத்து, எந்தப் பகுதி வேண்டுமோ அதை மட்டும் வரவழைப்பேன். மேகத்துக்கு விளிம்பு என்று ஒன்று கிடையாது. அதனால் ஓரம் மென்மையான பெரிய பிரஷ், ஒளிபுகாமை 30 சதவீதம், மேலும் மேலும் மெதுவாகப் பூச வேண்டும். அதிகமாகிவிட்டால் எக்ஸ் விசையைத் தட்டுங்கள், வெள்ளையும் கருப்பும் இடம் மாறும். பூசியதைத் திரும்ப மூடிவிடலாம். இதற்கு அழிப்பானைத் தொடவே கூடாது. அழிப்பான் படத்தையே தின்றுவிடும், மாஸ்க் எதையும் தின்னாது.

குன்னூர் ரயிலடி

அக்கா சொல்வது நல்ல முறைதான், ஆனால் கைவலி. குறுக்கு வழி ஒன்று உண்டு. மேகம் எப்போதும் பின்னால் இருக்கும் வயலைவிட வெளிச்சமானது. ஆகவே மேலே உள்ள இரண்டு லேயர்களின் மோடை, அதாவது கீழே உள்ள படத்தோடு கலக்கும் விதத்தை, 'டார்க்கன் ஒன்லி' என்று மாற்றிப் பாருங்கள். ஒவ்வொரு புள்ளியிலும் எது இருட்டோ அதை மட்டும் கிம்ப் எடுத்துக்கொள்ளும். மாஸ்க் இல்லை, பிரஷ் இல்லை. ஒரே சொடுக்கில் மேகம் போய்விடும்.

அசையும் பொருள் இருந்தால் மட்டும் உஷார். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே பல்சக்கரத் தண்டவாளத்தில் எங்கள் மலை ரயில் எவ்வளவு மெதுவாக ஏறினாலும், மூன்று படத்தை இப்படி அடுக்கினால் வெளிறிய காட்டின் மேல் மூன்று ரயில் வந்து நிற்கும். உங்கள் வயலுக்கு அந்தக் கவலை இல்லை.

பூம்பாறைப் பூண்டு

இருவருக்கும் நன்றி. டார்க்கன் ஒன்லி போட்டதும் வயல் அப்படியே எழுந்து வந்துவிட்டது, சித்தப்பா கைதட்டினார். ஆனால் ஊர்ப்பக்கம் பிசுபிசுவென்று இருக்கிறது. தகரக் கூரைகளும் வெள்ளையடித்த சுவர்களும் அழுக்குச் சாம்பலாகிவிட்டன. ஓரத்து வீடுகள் வேறு இரண்டிரண்டாகத் தெரிகின்றன. டிரைபாடில்தானே எடுத்தேன், எப்படி விலகும்?

கோத்தகிரி அக்கா

சாம்பல் ஆனதற்குக் காரணம் ரயிலடி அண்ணன் சொல்லாமல் விட்ட பாதி. மேகம் இருட்டான பொருளை வெளிறச் செய்யும், வெள்ளையான பொருளை மங்கச் செய்யும். வெயில் பட்ட தகரம் மேகத்தைவிட வெளிச்சமானது. அங்கே 'எது இருட்டு' என்று கேட்டால் மேகம் மூடிய தகரம்தான் ஜெயிக்கும். அதனால் இரண்டு முறையையும் கலந்துகொள்ளுங்கள். வயலுக்கு டார்க்கன் ஒன்லி இருக்கட்டும். கோவில் தெளிவாக இருக்கும் லேயரை நகலெடுத்து எல்லாவற்றுக்கும் மேலே வைத்து, மோடை 'நார்மல்' ஆக்கி, கருப்பு மாஸ்க் போட்டு, ஊரின் மீது மட்டும் வெள்ளை பூசுங்கள்.

இரட்டை வீட்டுக்கு ஒரு கேள்வி. நடுவில் பொருந்தி ஓரத்துக்குப் போகப் போக விலகுகிறதா, அல்லது எங்கும் ஒரே அளவில் விலகுகிறதா?

பூம்பாறைப் பூண்டு

நடுவில் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஓரம்தான் விலகுகிறது, அக்கா.

கோத்தகிரி அக்கா

அப்படியென்றால் டிரைபாட் குற்றவாளி இல்லை, ஆட்டோஃபோகஸ்தான். மேகத்துக்குள் பிடிமானம் இல்லாமல் லென்ஸ் முன்னும் பின்னும் தேடும். ஃபோகஸ் இடம் மாறும்போது பல லென்ஸ்களில் படத்தின் அளவும் ஒரு மயிரிழை பெரிதாகும், சிறிதாகும். அதனால் மூவ் கருவியால் எவ்வளவு நகர்த்தினாலும் முழுதாகப் பொருந்தாது, அளவையும் மாற்ற வேண்டும்.

மேல் லேயரின் மோடைத் தற்காலிகமாக 'டிஃபரன்ஸ்' ஆக்குங்கள். இரண்டு படமும் பொருந்திய இடம் கருப்பாகவும், விலகிய இடம் வெளிச்சக் கோடாகவும் தெரியும். மேகம் இருக்கும் பகுதி எப்படியும் வெளிறித்தான் இருக்கும், அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். இரண்டு படத்திலும் தெளிவாக உள்ள ஒரு கூரை முனையை இடது ஓரத்திலும் ஒன்றை வலது ஓரத்திலும் பிடித்துக்கொள்ளுங்கள். யூனிஃபைட் டிரான்ஸ்ஃபார்ம் கருவியால் கோடுகள் மெலியும்வரை இழுங்கள். பொறுமை இல்லையென்றால் ஹுகின் என்ற இலவசச் செயலியை நிறுவுங்கள். அதனுடன் வரும் 'அலைன் இமேஜ் ஸ்டாக்' என்ற கட்டளையை -m என்ற தெரிவோடு இயக்கினால் இந்த அளவு வித்தியாசத்தையும் தானே கணக்கிட்டுப் படங்களைப் பொருத்திக் கொடுத்துவிடும்.

அடுத்த முறை எடுக்கும்போது ஒரு முறை ஃபோகஸ் பிடித்ததும் மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். எக்ஸ்போஷர் என்னும் வெளிச்ச அளவையும் வெண்சமநிலை என்னும் நிறக் கணக்கையும் அதேபோல் மேனுவலாக்குங்கள். மேகம் வந்ததும் கேமரா தானாக வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும், பிறகு மூன்று படத்துக்கும் மூன்று நிறம் வந்து நிற்கும்.

அச்சு மை

நான் வத்தலக்குண்டில் லேபிள் அச்சடிக்கும் தொழிலில் இருக்கிறேன். கணினி திணறுவது பற்றி யாரும் பேசவில்லையே. படம் 24 மெகாபிக்சல் என்றால் 8 பிட்டில் (பிட் என்பது நிறத்தைப் பதியும் நுணுக்கம்) ஒரு லேயருக்கே ஏறக்குறைய 96 எம்பி நினைவகம் வேண்டும். கேமராவின் பதப்படுத்தாத ரா கோப்பிலிருந்து 32 பிட்டாகத் திறந்திருந்தால் அதுவே 384 எம்பி. நான்கு லேயர், மாஸ்க், செய்ததைத் திரும்பப் பெறுவதற்கான (அன்டூ) வரலாறு எல்லாம் சேர்ந்தால் 4 ஜிபி என்ன செய்யும்? 'இமேஜ்' மெனுவில் 'ப்ரிசிஷன்' என்பதை 8 பிட் ஆக்குங்கள். படத்தை 3000 பிக்சல் அகலத்துக்குச் சுருக்குங்கள், நினைவகம் கால் பங்காகிவிடும். உங்கள் லேபிள் என்ன அளவு?

பூம்பாறைப் பூண்டு

15 சென்டிமீட்டர் அகலம், 10 உயரம். 32 பிட்டாகத்தான் இருந்திருக்கிறது ஐயா. மாற்றியதும் பிரஷ் கைக்குப் பின்னாலேயே ஓடி வருகிறது.

அச்சு மை

அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் அதற்கு 1772க்கு 1181 பிக்சல் போதும். வெட்டும்போது ஓரம் போகும் என்பதால் நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக விடுங்கள். 1850க்கு 1250 என்று வைத்துக்கொள்ளலாம். 3000 பிக்சல் தாராளம். வேலைக் கோப்பைக் கிம்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப் ஆகவே சேமியுங்கள். ஜேபெக் ஆக்கினால் லேயர்கள் எல்லாம் ஒன்றாக ஒட்டிவிடும், நாளைக்கு விலையை மாற்ற வேண்டும் என்றால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

இன்னொன்று. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த முத்திரையை லேபிளில் போடுவதாக இருந்தால் சித்தப்பா அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு இருக்கிறதா என்று கேட்டுவிட்டு அந்த லேயரைச் சேருங்கள்.

மன்னவனூர் வழி

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். மேகமே இல்லாத பூம்பாறையை லேபிளில் பார்த்தால் நான் வேறு ஊர் என்றுதான் நினைப்பேன். மேல் மலையில் பூண்டு விளைகிறது என்றால் அந்தக் குளிரும் ஈரமும்தான் அதன் அடையாளம். அதைத் துடைத்து எடுத்துவிட்டுத் 'தெளிவான படம்' என்று எதற்குக் கொண்டாட வேண்டும்?

குன்னூர் ரயிலடி

சுற்றுலாப் பயணி பேசுவதுபோல் இருக்கிறதே! ஒரே காலையில், ஒரே இடத்தில் நின்று எடுத்த மூன்று படம். இல்லாத எதையும் அவர் ஒட்டவில்லை.

மன்னவனூர் வழி

பொய் என்று நான் சொல்லவில்லை, அண்ணா. பூம்பாறைக்கு அப்பால்தான் நானும் குடியிருக்கிறேன். கோவிலும் வயலும் தெளிவாக இருக்கட்டும். மேல் வலது மூலையில் ஒரு மேகத்தை விட்டுவைத்தால் என்ன? எழுத்து வைப்பதற்கும் வெற்றிடம் கிடைக்கும். இப்போதுள்ளபடி வயலின் கோடுகள் மேல் எழுத்தை வைத்தால் ஒருவராலும் வாசிக்க முடியாது.

அச்சு மை

அவர் சொல்வதில் தொழில் நியாயம் இருக்கிறது. பூண்டுப் பையில் பாதிப் பேர் எடையையும் விலையையும் தேடுவார்கள், வயலைப் பார்க்க மாட்டார்கள்.

பூம்பாறைப் பூண்டு

சித்தப்பாவிடம் இரண்டையும் காட்டினேன். முழுத் தெளிவுப் படம்தான் வேண்டும் என்று முதலில் அடம்பிடித்தார். பெயரை எழுதிக் காட்டியதும் மூலை மேகத்துக்குச் சம்மதித்துவிட்டார். மேகம் அதிகமாக உள்ள படத்தை இன்னொரு நகலாக நார்மல் மோடில் மேலே ஏற்றி, மாஸ்கில் அந்த மூலையை மட்டும் சாம்பல் நிறத்தால் பூசினேன். வெள்ளை பூசினால் மேகம் முழுதாக வருகிறது, சாம்பல் என்றால் பாதிதான் வருகிறது, மலை முகடு லேசாகத் தெரிகிறது. ஓரத்து வீடுகள் ஹுகினால் சரியாகிவிட்டன. கோவில் அக்கா சொன்ன முறையில்.

ஒரே ஒரு சந்தேகம். பெயர், எடை, விலை மூன்றும் தனித்தனி எழுத்து லேயர்கள். ஒன்றை நகர்த்தினால் மற்றவை அங்கேயே நின்றுவிடுகின்றன.

கோத்தகிரி அக்கா

2.10-இல் கண் சின்னத்துக்குப் பக்கத்தில் காலியாக ஓர் இடம் இருக்கும், அங்கே கிளிக் செய்தால் சங்கிலி வரும். மூன்றுக்கும் சங்கிலி போடுங்கள், சேர்ந்தே நகரும். 2025 மார்ச்சில் வந்த 3.0-இல் கன்ட்ரோல் விசையோடு கிளிக் செய்து பல லேயர்களை ஒரே நேரத்தில் தேர்ந்தெடுக்கலாம், சங்கிலி தேவையில்லை. இந்த வேலை முடியும்வரை மென்பொருளை மாற்றாதீர்கள் தம்பி.

அச்சு மை

விலையை மட்டும் சங்கிலியில் சேர்க்காமல் விடுங்கள். பூண்டு விலை நிற்கிற விலையா? அடுத்த அச்சுக்கு அந்த லேயரை மட்டும்தான் திறக்கப்போகிறீர்கள்.