பக்கத்து வீட்டில் கற்ற, பாட்டிலில் அடைக்கும் வேலை: தக்காளி, மாங்கூழ், மொச்சை

பாலக்கோடு:
இங்கே தக்காளியைக் கெடாமல் பாட்டிலில் அடைத்து வைக்கிற வீடுகளில் கேட்டால் "நல்லா கொதிக்க வச்சு சூட்டோட ஊத்தி மூடு, அவ்வளவுதான்" என்பார்கள். பழம் தேர்வதையும் பாட்டில் கழுவுவதையும் அவர்களிடம்தான் கற்க வேண்டும். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். புளிப்பு குறைந்து பிஎச் அளவு (புளிப்பைக் காட்டும் எண், புளிப்பு குறையக் குறைய இது ஏறும்) 4.6-ஐத் தாண்டினால், காற்றில்லாத பாட்டிலுக்குள் போட்டுலினம் கிருமி நஞ்சை உண்டாக்கும். நாற்றம், நிறம் எதிலும் தெரியாமல் போகலாம். தக்காளி அந்த எல்லையிலேயே நிற்கிற பழம். அதிலும் கொழகொழவென்று கனிந்ததில் புளிப்பு இன்னும் குறைவு. அதனால் அரை லிட்டர் பாட்டிலுக்கு கால் தேக்கரண்டி சிட்ரிக் ஆசிட் கட்டாயம். எலுமிச்சை பிழிந்தும் விடலாமே என்பார்கள். பழத்துக்குப் பழம் புளிப்பு மாறும், தூள்தான் கணக்கு தவறாது.

10 கிலோ பழத்துக்கு அரை லிட்டர் பாட்டில் 14 வரை நிரம்பும். கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு, பச்சைத் தண்ணீரில் எடுத்தால் தோல் தானே உரியும். பிறகு எல்லாவற்றையும் நறுக்கி வைத்துவிட்டு அடுப்பு மூட்டக் கூடாது. நறுக்கிய நிமிடத்திலிருந்தே பழத்தில் இருக்கிற நொதி பெக்டினை (சாற்றைக் கெட்டியாகப் பிடித்து வைக்கிற பொருள்) உடைக்கும். பாட்டிலில் அடியில் தண்ணீர், மேலே சக்கை என்று பிரிந்து நிற்கும். கால் பங்கை மட்டும் நறுக்கி, உடனே சூடான பாத்திரத்தில் போட்டு மசித்துக் கொதிக்க விடுங்கள். மீதியை அந்தக் கொதியிலேயே கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கிச் சேர்த்து, கடைசியில் 5 நிமிடம் கொதிக்க வைத்தால் போதும்.

ஊற்றும்போது மேலே ஒன்றேகால் செ.மீ. இடம் விடுங்கள். ஓரமாகக் கத்தியை விட்டுக் காற்றுக் குமிழை எடுத்து, வாயை ஈரத்துணியால் துடைத்து மூடுங்கள். ஒரு விதை ஒட்டியிருந்தாலும் மூடி பிடிக்காது. மூடிய பாட்டில்களை அண்டாவில் இறக்குங்கள்: அடியில் மடித்த துணி, மூடிக்கு மேல் இரண்டு விரல் தண்ணீர். தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகுதான் நேரம் எண்ண வேண்டும்: 40 நிமிடம்.

ஓசூர்:
அந்த 40 நிமிடம் தர்மபுரி, கிருஷ்ணகிரி டவுன் உயரத்துக்குச் சரி. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டரை ஒட்டி வரும். இங்கே தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும்; எவ்வளவு விறகு வைத்தாலும் அதற்கு மேல் சூடு ஏறாது. கீழே இருக்கிற சொந்தக்காரர்களிடம் கற்றுக்கொண்டு வந்து இங்கே அதே நேரம் வைப்பதுதான் தவறு. 45 நிமிடம் வையுங்கள்.

மூடி விஷயமும் சொல்லிவிடுகிறேன். ஜாம், ஊறுகாய் வந்த பாட்டிலின் பழைய மூடியில் உள்வளையம் ஏற்கெனவே அழுந்தியிருக்கும், இரண்டாம் முறை இறுகப் பிடிக்காது. புது மூடி வாங்குங்கள். எடுத்த பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்க்காமல் 12 மணி நேரம் அசையாமல் விட்டு, மூடி நடுவில் அழுத்திப் பாருங்கள். டக்கென்று மேலே எழும்பினால் பிடிக்கவில்லை. அதை ஃபிரிட்ஜில் வைத்து அந்த வாரமே சமைத்துவிடலாம்.

காவேரிப்பட்டினம்:
மாங்கூழுக்கு எங்கள் பக்கம் பெங்களூராவும் (கிளிமூக்கு) அல்போன்சாவும். பெங்களூராவில் சதை அதிகம், வாசம் குறைவு. பாதிக்குப் பாதி கலந்தால் கூழ் நன்றாக வரும். காம்புப் பால் போகக் கழுவி, காம்பைச் சுற்றி ஒரு விரற்கடை சதையோடு வெட்டி எறியுங்கள், இல்லையென்றால் கூழில் காறல் நிற்கும். ஒன்றரை கிலோ கூழுக்கு 150 கிராம் சர்க்கரை, 4 மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு. இதற்குக் கடையில் பாட்டிலில் விற்கிற சாறு நல்லது. காரணம் மேலே பாலக்கோட்டுக்காரர் சொன்னதுதான். எவர்சில்வர் பாத்திரத்தில் கிளறி நன்றாகச் சூடேறியதும் ஊற்றுங்கள். அலுமினியம் புளிப்பில் கரையும், நிறமும் மங்கும். மேலே அரை செ.மீ. இடம் விட்டு, கால் லிட்டர் பாட்டிலுக்குக் கொதிநீரில் 20 நிமிடம். மேல்பரப்பு பழுப்பேறினால் உள்ளே காற்று தங்கியிருக்கிறது என்று பொருள். மூடி இறுகியிருந்தால் கெட்டுப்போனதல்ல.

பென்னாகரம்:
அக்கா, தை மாசத்துப் பச்சை மொச்சையையும் இப்படியே போடலாமா? குக்கரில் வைத்தால் பாதுகாப்புதானே என்கிறார்கள்.

பாலக்கோடு:
போடவே கூடாதும்மா. மொச்சை, அவரை, சோளம், காளான், எண்ணெயில் மூழ்கிய பூண்டு எதிலும் புளிப்பு கிடையாது. போட்டுலினம் கிருமியின் வித்து கொதிநீரில் சாகாது, 116 டிகிரிக்கு மேல் அழுத்தச் சூடு வேண்டும். சமையல் குக்கரில் சூடு சீக்கிரம் ஏறிச் சீக்கிரம் இறங்கிவிடும். பாட்டிலில் அடைத்ததை அழுத்தத்தில் சூடேற்றுகிற பெரிய கேனிங் பாத்திரத்துக்குச் சோதித்துச் சொன்ன நேரம் இதற்குப் பொருந்தாது. மொச்சையை உரித்து, கொதிநீரில் 3 நிமிடம் விட்டு, அதே 3 நிமிடம் குளிர்நீரில் போட்டு, ஈரம் துணியில் ஒற்றி எடுத்து ஃபிரீசரில் வையுங்கள். ஃபிரீசர் இல்லையென்றால் முற்றவிட்டுக் காயவைத்த மொச்சைதான். பல்லில் கடித்தால் நசுங்காமல் தெறித்து உடைய வேண்டும். அதுவரைக்கும் வெயிலில் கிடக்கட்டும்.