போலந்துக் காசுக்கு ஏன் 'தங்கம்' என்று பெயர்?

பினாங்குச் சில்லறை:
கையில் இருப்பது போலந்தின் 1000 ஸ்லாட்டி தாள். 1982, கோப்பர்நிக்கஸ் படம். பெயருக்குப் பொருள் தங்கமாமே, எந்தத் தங்கம்? தாளில் அந்தச் சொல்லின் வால் வேறு நீண்டிருக்கிறது. லிட்டில் இந்தியா பக்கம் காசு மாற்றும் கடையில் எடுப்பார்களா?

அச்சுசாலை:
முதலில் உச்சரிப்பு: złoty என்று எழுதி 'ஸ்வொத்தி' என்று படிக்க வேண்டும். குறுக்குக்கோடு போட்ட அந்த ł எழுத்து லகரம் அல்ல, வகரம். 'ஸ்வொத்தோ' தங்கம், 'ஸ்வொத்தி' பொன்னாலானது. நாம் ரிங்கிட்டை 'வெள்ளி' என்கிறோமே, அதில் எங்கே வெள்ளி?

14, 15ஆம் நூற்றாண்டுகளில் போலந்தில் புழங்கிய டுகாட் போன்ற வெளிநாட்டுப் பொற்காசுகளைத்தான் அப்படி அழைத்தார்கள். 1496இல் நாடாளுமன்றம் ஒரு ஸ்வொத்திக்கு 30 குரோஷ் (உள்ளூர் வெள்ளிக்காசு) என்று விலை கட்டியது. வினை அங்கேதான். குரோஷில் வெள்ளி குறையக் குறைய, டுகாட்டின் விலை 30ஐத் தாண்டி ஏறியது. பெயரோ காசோடு போகாமல் 30 என்ற கணக்கோடு தங்கிவிட்டது. அசல் பொற்காசுக்கு 'சிவப்பு ஸ்வொத்தி' என்று தனிப்பெயர் வைக்க வேண்டியதாயிற்று.

ஏட்டில் மட்டும் இருந்த ஸ்வொத்தி, காசாகக் கைக்கு வந்தது 1663இல். அதுவும் வெள்ளியில்! அச்சுசாலை நடத்திய டிம்ஃப் பெயரே அதற்கும் ஒட்டிக்கொண்டது. முகமதிப்பு 30 குரோஷ், உள்ளே இருந்த வெள்ளி அதில் பாதிக்குக்கூடப் பெறாது.

கணக்குப்பிள்ளை:
ஒரு ஸ்வொத்திக்கு 100 குரோஷ் என்ற கணக்கு 1924இல் வந்தது. பணவீக்கத்தில் மாண்ட போலந்து மார்க்கை மாற்றினார் பிரதமர் கிராப்ஸ்கி: 18 லட்சம் மார்க்குக்கு ஒரு ஸ்வொத்தி.

தாளில் சொல்லின் வால் நீண்டிருப்பது இலக்கணம்தான், எண்ணுக்கேற்ப முடிவு மாறும். 1 ஸ்வொத்தி, 2, 3, 4 என்றால் ஸ்வொத்தே, 5 முதல் 21 வரை ஸ்வொத்திஹ், 22க்கு மறுபடி ஸ்வொத்தே. ஆயிரத்துக்கு ஸ்வொத்திஹ்.

தாள்சேகரன்:
கடையில் எடுக்கமாட்டார்கள். 1995 ஜனவரி 1இல் 10,000 பழையதுக்கு 1 புதியது என்று மாற்றினார்கள். உங்கள் ஆயிரம் அன்றைக்கு 10 குரோஷ். அந்த மாற்றும் 2010 கடைசியோடு முடிந்தது. இனி ஆல்பத்துக்குத்தான்.

ஆண்டை மட்டும் பார்த்து ஒதுக்கிவிடாதீர்கள். 1995இல் வெளிவந்த புதுத் தாள்களிலேயே 1994 மார்ச் 25 என்றுதான் தேதி. முகத்தைப் பாருங்கள்: 10, 20, 50, 100, 200 தாள்களில் அரசர் தலை இருந்தால் செல்லும்.

பினாங்குச் சில்லறை:
இன்னொரு 50 தாளும் இருக்கிறது. ராணுவ உடுப்பில் ஒருவர், கிரீடம் இல்லை.

தாள்சேகரன்:
அது ஜெனரல் ஷ்வியெர்ச்செவ்ஸ்கி. பழசு.