‘லண்டன் காலிங்’ வீடியோ: மறக்காத ஒரு காட்சியைச் சொல்லுங்கள்

ஈஸ்ட்ஹாம் இரவுப்பணி:
2008 மார்கழி. பெட்ரோல் நிலையத்தில் இரவு வேலை. மூலைத் தொலைக்காட்சியில் ‘லண்டன் காலிங்’ பாட்டோடு த கிளாஷ் என்ற பிரிட்டிஷ் பங்க் இசைக்குழு. கறுப்புக் கோட்டு, தேம்ஸ் ஆறு, கொட்டும் மழை. கண்ணாடிக்கு வெளியேயும் அதே மழை. எனக்குப் பங்க் இசை ஒத்துவராது, சத்தத்தைக் குறைக்கக் கையை நீட்டினேன். சிகரெட் வாங்க வந்த ஒரு வெள்ளைக்காரப் பெரியவர், “‘லண்டன் காலிங்’ என்ற பெயர் இரண்டாம் உலகப்போர்க் காலத்து பிபிசி வானொலி அறிவிப்பில் இருந்து வந்தது, தெரியுமா?” என்றார். நீட்டிய கை அப்படியே நின்றுவிட்டது. தொண்ணூறுகளில், யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத இரவுகளில், லண்டனிலிருந்து வரும் பிபிசி தமிழோசை கேட்பதற்காகச் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவில் வானொலியைப் பொருத்தி, பெடலைக் கையால் சுற்றியவன் நான். நான் களைத்தால் லண்டன் நின்றுவிடும். “சுற்றடா!” என்று அப்பா கத்துவார்.

வீடியோவில் கேமரா தண்ணீர்மேல் தள்ளாடுகிறதே, அது என்ன கலைத்திறன்!

நாகைக்காரன்:
கலைத்திறனா? இயக்குநர் டான் லெட்ஸ் தன் வாயாலேயே சொல்லியிருக்கிறார்: தேம்ஸில் ஏற்றவற்றம் உண்டு என்பதே அவருக்குத் தெரியாதாம். நீச்சலும் தெரியாது. பாட்டர்சீ பூங்கா ஓரத்துப் படகுத்துறையில் குழுவை நிறுத்திவிட்டு, கேமராவைப் படகில் ஏற்றினார். தண்ணீர் வற்றியிருந்ததால் கேமரா 15 அடி கீழே கிடந்தது. ஓட்டம் வேறு படகை இழுத்துக்கொண்டே போனது. அதற்குமேல் மழை.

நான் முதலில் இதை நம்பவில்லை. எங்கள் ஊர்க் கடலே முழங்கால் அளவு ஏறி இறங்கினால் அதிகம், ஓர் ஆறு எப்படி 15 அடி இறங்கும்? ஒரு விடுமுறை நாளில் பாட்டர்சீ போனேன். காலையில் கரைச்சுவரின் பாதி உயரத்துக்கு மேல் தண்ணீர். மாலையில் திரும்பி வந்து பார்த்தால் சேறும், கவிழ்ந்த தள்ளுவண்டி ஒன்றும். சுவரில் பாசிக்கோடு என் தலைக்கு மேலே நின்றது. பாட்டில் வருகிற வெள்ளப் பயத்தைக் கவிஞரின் மிகை என்று நினைத்திருந்தேன். ஆனால் லண்டனைக் கடல் ஏற்ற வெள்ளத்திலிருந்து காக்கும் தேம்ஸ் தடுப்பணையே 1982-இல்தான் இயங்கத் தொடங்கியது, பாட்டு 1979.

ஆறு கம்பி:
கல்லூரி விழாவில் வாசித்தோம். கடைசியில் த கிளாஷின் கிட்டார்க்காரர் மிக் ஜோன்ஸ் கிட்டாரில் தட்டும் ‘எஸ்ஓஎஸ்’ என்ற மோர்ஸ் ஆபத்து ஒலி என் பொறுப்பு. கிட்டார் சுவிட்சைத் தட்டினேன், ஒன்றும் கேட்கவில்லை. பாட்டு முடிந்துவிட்டது என்று முன்வரிசை கைதட்டிவிட்டது. இன்றுவரை அந்தக் கைதட்டல் காதில் இருக்கிறது.

வாசிக்க நினைப்பவர்கள் கவனிக்கவும். இரண்டு பிக்கப்பும் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பகுதி) தனித்தனி ஒலித் திருகும் உள்ள கிட்டார் வேண்டும். ஒரு பிக்கப்பின் ஒலியை முழுவதும் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். மற்றதைத் திறந்து வைத்து, ஆம்ப்ளிஃபையர் அருகே நின்று ஃபீட்பேக், அதாவது தானே நீளும் ஊளை ஒலி, வரவழையுங்கள். பிறகு சுவிட்சை இரண்டுக்கும் இடையே தட்டுங்கள்: மூன்று குறில், மூன்று நெடில், மூன்று குறில். நான் திருகுகளை வைத்ததில்தான் தவறு செய்தேன். தொடக்கத்து ஈ மைனர் கார்டை மேலிருந்து கீழாக மட்டும் அடிக்க வேண்டும். ஒவ்வோர் அடிக்கும் பிறகு இடக்கை விரல்களைத் தளர்த்தி ஒலியை வெட்டுங்கள். மணிக்கட்டு வலிக்கும், வலிக்கட்டும். முதல் வாரம் மெட்ரோனோம் என்ற தாளக்கருவி இல்லாமல் தொடாதீர்கள்.

ஈஸ்ட்ஹாம் இரவுப்பணி:
கிட்டார் கற்றுத்தரும்படி யாரும் கேட்கவில்லையே ஐயா!

நாகைக்காரரே, தெரியாமல் நடந்தது என்றால் எனக்கு இன்னும் பிடிக்கிறது. பிரிட்டனில் 11-ஆம் இடம்வரை போன பாட்டின் படம், நீச்சல் தெரியாத மனிதர் படகை வைத்து எடுத்தது!

நேற்று அப்பாவுக்கு வீடியோவைக் காட்டினேன். பாட்டின் பெயர் லண்டன் வானொலியின் பழைய அறிவிப்பு என்றும் சொன்னேன். சைக்கிள் கதை அவருக்கு நினைவில்லை. மழையையே பார்த்துக்கொண்டிருந்தவர், “மின்சாரக் கிட்டார்தானே, ஷாக் அடிக்காதா?” என்று கேட்டார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள், அவர் காலையிலும் கேட்டார்.