மரக் கார் ஓட்டம்: வளைவில் குப்புற விழுந்த நீலக் கார்

பாளைவாசி
இஞ்சின் இல்லாத கையளவு மரக் காரைச் சரிவுத் தடத்துல உருளவிடுற பந்தயம், போன ஞாயிறு பாத்தது இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்கி. நீலக் கார், தேக்கு. அப்பாவும் ஆறாங்கிளாஸ் பையனும் சேந்து செஞ்சது. நாலடி உயரத்துல இருந்து விட்டதும் மத்த மூணு காருக்கும் ஒரு சாண் முன்னால இறங்கிச்சு. சரிவு முடிஞ்சு சமதளத்துக்குத் திரும்புற வளைவுல மூக்கைத் தூக்கி, தடத்து நடுவுல ரெண்டு பக்கச் சக்கரத்துக்கும் இடையில ஓடுற நடுச் சட்டத்துல ஏறி, குப்புற விழுந்துட்டு. தராசுல வச்சா 141 கிராம், குறை சொல்ல முடியாது. பேனாவைக் குறுக்க வச்சு அதுமேல காரை நிறுத்திப் பாத்தாதான் வெளிச்சம். எடைக்கு வச்ச ஈயம் முழுக்கப் பின் சக்கர அச்சுக்கு மேலயே கெடக்கு. பின்னச்சுக்கு முன்னால அரை அங்குலத்துலயே சமநிலை வந்துட்டு. ஒரு அங்குலமாவது வேணும். சரிவுல பின்பக்கம்தான் உயரம், அங்க இருக்குற எடை கூடுதல் உயரத்துல இருந்து இறங்கும், அதனால வேகம். ஆனா முன் சக்கரத்துல பாரமே இல்லன்னா வளைவுல அது தரையைப் பிடிக்காது.

உவரி வலை
முதல்ல தேக்கு எதுக்கு அண்ணாச்சி? 7 அங்குலம் நீளம், 1¾ அகலம், 1¼ உயரம்னா கட்டை 250 கன சென்டிமீட்டர். தேக்குல அது மட்டுமே 160 கிராம் வரும். மொத்தக் காருக்கே உச்சவரம்பு 5 அவுன்ஸ், அதாவது 141.7. வேம்பு இன்னும் பாரம். பைன்னா 110 முதல் 120குள்ள நிக்கும். ஆப்பு மாதிரி சீவுனா 55க்கு வந்துரும். சக்கரமும் ஆணியும் சேந்து 15. மீதி 70 கிராமை நீங்க நினைச்ச இடத்துல வைக்கலாம், அதான் லாபம். தேக்குல அவ்வளவு மீதி கிடைக்காது.

பைனுக்குக் கடை தேடி அலைய வேண்டாம். தூத்துக்குடியில மிஷின் வந்த பெட்டியை உடைக்கிற இடத்துல கேளுங்க. பலகையில முத்திரை இருக்கும். எச்.டி. (HT)ன்னா சூடு காட்டினது, எடுத்துக்கலாம். எம்.பி. (MB)ன்னா மருந்துப்புகை போட்டது, பிள்ளை கையில கொடுக்கக் கூடாது. எடைக்கு வலைக்கடை ஈயக்குண்டு. அதை உருக்காதீங்க, துளை போட்டுச் சொருகி ஒட்டுங்க, பிள்ளை தொட்டா சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்க. ஈயமே வேண்டாம்னா பத்து ரூபாய் நாணயம் ஒண்ணு 7.7 கிராம், ஒன்பது போட்டா கணக்கு தீந்துச்சு. எதை வச்சாலும் அடிப்பக்கம் துருத்தக் கூடாது. நடுச் சட்டம் கால் அங்குலம் உயரம், காரோட வயித்துக்கும் தரைக்கும் ⅜ அங்குலம் இடைவெளி வேணும்.

அம்பை கடைசல்
எடையைப் பத்தியே பேசுதிய. சக்கரத்தை யாரும் பாக்கலியா? அதே நாள் மஞ்சக் கார் வச்சிருந்த பிள்ளை சக்கரத்தைச் சுண்டிவிட்டுக் காதுல வச்சுக் கேட்டுது. "டொக் டொக்னு கேக்குதுப்பா"ன்னுச்சு. அப்பாக்காரர் பெயிண்ட் காயலன்னுட்டார். பெயிண்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. பச்சை மரத்துல கடைஞ்ச சக்கரம். மரம் காயும்போது ஆண்டு வளையத்தை ஒட்டின திசையில சுருங்குறது, நடுவுல இருந்து வெளிய போற ஆரத்திசையை விட ஏறத்தாழ ரெண்டு மடங்கு. 30 மில்லிமீட்டர் வட்டம் முட்டையா மாறி, சுத்துக்கு ரெண்டு தடவை காரைத் தூக்கிப் போடும். சொப்புச் சாமானுக்கு அது பெரிய குத்தமில்ல, ஓடுற காருக்குக் குத்தம்.

பட்டறையில சொல்லும்போதே காஞ்ச கட்டை வேணும்னு சொல்லுங்க. துளையையும் கடைசல்லயே போட்டு, அப்புறம் சக்கரத்தை அறுத்து எடுக்கணும். தனியா எடுத்துட்டு வீட்டுல டிரில்லிங் மிஷின்ல போட்டா நடு தப்பும்.

சாரல் தென்காசி
எங்க பக்கத்து மைதானத்துல ஒருத்தர் ஓட்டத்துக்குச் சரியா அஞ்சு நிமிசம் முன்னால நாலு சக்கரத்துக்கும் தேங்காய் எண்ணெய் விட்டார். முதல் சுத்து பறந்துச்சு. மூணாவது சுத்துல பாதி வழியில நின்னுட்டு. எண்ணெய் தூசியை இழுக்கும், மரச் சக்கரம்னா துளை ஊறி இறுகும். இதைச் சொன்னா, "எங்க தாத்தா மாட்டு வண்டிக்கு எண்ணெய்தானே போட்டார்"ங்காங்க. மாட்டு வண்டியும் இதுவும் ஒண்ணா வேய்?

யாரும் கேக்கல, இருந்தாலும் சொல்லுதேன். ஒன்றரை அங்குல ஆணியோட கொண்டைக்கு அடியில பிசிறு இருக்கும், உடம்புல ஆணி செய்யுற மிஷின் கடிச்ச தடம் ரெண்டு இருக்கும். ஆணியை டிரில்லுல மாட்டிச் சுத்தவிட்டு, சின்ன அரத்தால பிசிறை எடுங்க. அப்புறம் வாட்டர் பேப்பர் 400, 600, 1000, 2000, இந்த வரிசையில தண்ணி தொட்டு. நடுவுல ஒண்ணைத் தாண்டினா முந்தின கீறல் அப்படியே நிக்கும். கடைசியா பித்தளை துலக்குற பிராசோ, துணி. அதுக்கு மேல கிராஃபைட் தூள், பூட்டுக்குப் போடுறது. பென்சிலைச் சுரண்டிப் போடாதீங்க, அதுல களிமண் கலந்திருக்கு, அராவும். தூளைப் போட்டு அம்பது தடவையாவது சக்கரத்தைச் சுத்திவிடுங்க, பிள்ளைங்க இதைச் சலிக்காம செய்யும். சக்கரத்துக்கும் உடம்புக்கும் இடையில ஏடிஎம் கார்டு ஒண்ணு நுழையுற இடைவெளி போதும், முக்கால் மில்லிமீட்டர். ஆணி போற வழி மூலைமட்டத்துக்குச் சரியா இல்லன்னா மேல சொன்ன எல்லாம் வீண்.

வள்ளியூர் அம்மா
எல்லாம் சரிதான் அண்ணே. எடை பாக்குற மேசையில நடந்ததைச் சொல்றேன். "தம்பி, எந்த முன் சக்கரம் தூக்கி வச்சிருக்கு?"ன்னு கேட்டாங்க. பையன் அப்பா முகத்தைப் பாத்தான். அப்பா "இடது, ஒன்றரை மில்லிமீட்டர்"னார். மூணு சக்கரத்துல ஓடுனா உராய்வு குறையும்னு அவருக்குத் தெரியும், பையனுக்குக் கார் நீலம்னு மட்டும் தெரியும்.

1953ல கலிபோர்னியா மன்ஹாட்டன் பீச்சுல டான் மர்ஃபி இந்த மரக் கார் ஓட்டத்தைத் தொடங்கினதே, பிள்ளைங்களே ஏறி உக்காந்து ஓட்டுற பெரிய சோப்புப்பெட்டிக் கார் பந்தயத்துக்கு அவர் மகனுக்கு வயசு பத்தலங்கிறதுக்காகத்தான். வாளால அறுக்குறதும் டிரில் பிடிக்கிறதும் பெரியவங்க. உப்புத்தாள், தராசு, கிராஃபைட் மூணும் பிள்ளை. நேரா ஓடுதான்னு பாக்குறதும் பிள்ளைதான். தரையில சுண்ணாம்புக் கோடு போட்டு நாலடி உருட்டினா, தூக்கி வச்ச முன் சக்கரத்தோட பக்கமா நாலு அங்குலம் போல ஒதுங்கணும். அப்பதான் தரையைத் தொடுற முன் சக்கரம் சட்டத்தை லேசா உரசிக்கிட்டு ஆடாம போகும். ஒதுங்கலன்னா தரையைத் தொடுற அந்த முன் சக்கரத்தோட ஆணியை இடுக்கியால துளி திருப்பி மறுபடி உருட்டணும்.

அம்பை கடைசல்
எட்டு வயசுப் பிள்ளை இடுக்கியால ஆணியைத் திருப்புமா? நடக்குற கதையா பேசுங்க.

வள்ளியூர் அம்மா
திருப்புறது நீங்க. எந்தப் பக்கம்னு சொல்றது அது.

தடம் போட்டவன்
பாளை அண்ணாச்சி, நீலக் காருக்கு ஈயத்தை மட்டும் குத்தம் சொல்லாதிய. அந்த 32 அடித் தடம் நாலு ப்ளைவுட் துண்டு. முந்தின நாள் சாரல்ல நனைஞ்சு ரெண்டாவது இணைப்பு உப்பியிருந்துச்சு. ஓட்டம் முடிஞ்சு கழட்டும்போது நகத்தால தடவிப் பாத்தேன், ரெண்டாவது தடத்துல மட்டும் மாட்டிச்சு. நீலக் கார் ஓடினது ரெண்டுலதான்.